தீவில் தலைக்காயம்: படகு ஏறும் முன்பான மணி நேரங்கள்

தலையில் பலமாக அடிபட்டவரின் மூளை இரண்டு கட்டமாகக் கேடு அடைகிறது. ஸ்கூட்டர் சறுக்கித் தலை தார்ச்சாலையில் மோதிய நொடியிலேயே மூளைத் திசு நசுங்குகிறது, நரம்பிழைகள் அறுகின்றன, ரத்தக் குழாய்கள் கிழிகின்றன. நடந்துவிட்ட இந்தக் கேட்டை இல்லையென்று ஆக்க எந்த மருத்துவமனையாலும் முடியாது. இரண்டாம் கேடு அதற்குப் பிறகு நிமிடம் நிமிடமாக நடக்கிறது. மூச்சு தடைபட்டு ஆக்சிஜன் குறைகிறது. உடலில் வேறெங்கோ ரத்தம் போய் ரத்த அழுத்தம் விழுகிறது. மண்டைக்குள் ரத்தம் கட்டி மூளையை நெருக்குகிறது. வலிப்பு அடங்காமல் வருகிறது. பிழைத்திருக்கக்கூடிய திசுவும் இவற்றால் செத்துப்போகிறது. இந்த இரண்டாம் கேட்டில் பெரும்பகுதி தடுக்கக்கூடியது. அதைத் தடுக்கும் இடத்தில் நிற்பவர், நரம்பியல் அறுவை நிபுணருக்கு வெகு முன்பே நோயாளியைத் தொடும் செவிலியர், ஆம்புலன்ஸ் பணியாளர், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர். அவர்களுக்கு என்ன தெரியும் என்பதைப் பொறுத்தே நோயாளியின் கதி பாதி தீர்மானமாகிவிடுகிறது.

1975இல் கிளாஸ்கோ மருத்துவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை உலகுக்கு உணர்த்தியது. தலைக்காயத்தால் இறந்தவர்களில் ஒரு பகுதியினர் அடிபட்ட பிறகு பேசியிருந்தார்கள் என்பதை அவர்கள் கவனித்தார்கள். பேச முடிந்தவரின் மூளையை அடி மட்டுமே கொன்றிருக்க முடியாது. அடிக்கும் சாவுக்கும் இடையில் வேறு ஏதோ நடந்திருக்கிறது. பலருக்கு அது மண்டைக்குள் கட்டிய ரத்தம். தலைக்காய மருத்துவத்தின் கவனம் அந்த இடைவெளியை நோக்கித் திரும்பியது அப்போதுதான்.

அந்த இடைவெளி நகரத்தில் குறுகியது, தீவில் நீண்டது. ஹேவ்லாக், அந்தமானின் ரிச்சி தீவுக்கூட்டத்தில் மிகப் பெரிய தீவு. 2018 டிசம்பரிலிருந்து அதன் அதிகாரப்பூர்வப் பெயர் ஸ்வராஜ் த்வீப். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 40 கி.மீ. கடல் தாண்டி இருக்கிறது. நிலையாகக் குடியிருப்பவர்கள் 2011 கணக்கெடுப்பின்படி ஆறாயிரத்துச் சொச்சம் பேர். பெரும்பாலோர் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் வழிவந்தவர்கள். பருவகாலத்தில் சுற்றுலாப் பயணிகள் வந்து குவிகிறார்கள். தலையில் அடிபடும் வழிகளும் இந்த வாழ்க்கையிலிருந்தே வருகின்றன. கோவிந்த நகர் படகுத்துறையில் இறங்கி வாடகை ஸ்கூட்டர் எடுக்கும் பயணி, பழக்கமில்லாத வண்டியில், பழக்கமில்லாத வளைவுகளில் ராதாநகர் கடற்கரை நோக்கிப் போகிறார். தென்னையும் பாக்கும் ஏறுபவர்கள் உயரத்திலிருந்து விழுகிறார்கள். படகுத் தளத்தில் கால் வழுக்குகிறது. மழைக்காலத்தில் முதியவர்கள் கிணற்றடியிலும் குளியலறையிலும் விழுகிறார்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிடி ஸ்கேன் கிடையாது. ஸ்கேன் எடுக்கக் கடல் தாண்டி, போர்ட் பிளேரில் அந்தமான் நிக்கோபார் மருத்துவ அறிவியல் நிறுவனத்துடன் இணைந்த ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கும் முடியாததற்குச் சென்னையோ கொல்கத்தாவோதான். போர்ட் பிளேருக்கு அரசுப் படகில் இரண்டரை மணி நேரம். தனியார் விரைவுப் படகில் ஒன்றரை மணி நேரம். ஹெலிகாப்டர் கிடைத்தால் நிமிடக்கணக்கு. ஆனால் இரவும் புயல்மழையும் அதைத் தடுத்துவிடும். மாலைப் படகு போன பிறகு அடிபட்டவருக்கு விடியும்வரை அந்தச் சிறிய சுகாதார நிலையமே மருத்துவமனை. ஆகவே ஹேவ்லாக் செவிலியருக்குத் தேவைப்படும் தலைக்காய அறிவு சென்னை நகரச் செவிலியருக்குத் தேவைப்படுவதைவிடக் கூடுதலே. நடைமுறையில் பயிற்சிகள் பெரிய மருத்துவமனைகளைச் சுற்றியே நடக்கின்றன. இது தலைகீழான ஏற்பாடு.

செய்ய வேண்டியவை ஏன் செய்யப்படுகின்றன என்பது புரிய உடலியல் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். மூளை உடல் எடையில் ஏறக்குறைய இரண்டு சதவீதம். ஆனால் உடல் செலவிடும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. சேமிப்பு ஏதும் அதனிடம் இல்லை. மண்டை ஓடு விரியாத பெட்டி. உள்ளே மூளை, ரத்தம், மூளைத் தண்டுவட நீர் மூன்றும் அடைந்து கிடக்கின்றன. ரத்தம் கட்டியோ மூளை வீங்கியோ புதிதாக இடம் கேட்டால், முதலில் நீரும் சிரை ரத்தமும் வெளியேறி வழிவிடும். அந்த வசதி தீர்ந்ததும் உள் அழுத்தம் திடீரென ஏறும். மூளைக்குள் ரத்தத்தைத் தள்ளும் விசை என்பது சராசரி ரத்த அழுத்தத்திலிருந்து மண்டை உள் அழுத்தத்தைக் கழித்தால் கிடைப்பது. உள்ளே ஏறினாலும் கேடு, வெளியே இறங்கினாலும் கேடு. மேல் ரத்த அழுத்தம் ஒரே ஒரு முறை 90க்குக் கீழே போனாலே கடுமையான தலைக்காயத்தில் சாவு ஏறத்தாழ இருமடங்காகிறது என்று 1993இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. மூளைக்காய அறக்கட்டளையின் 2016 வழிகாட்டி அந்த எல்லையையும் உயர்த்தி, 15 முதல் 49 வயது வரையிலும் 70 வயதுக்கு மேலும் 110, 50 முதல் 69 வயது வரை 100 என்று வைத்தது.

இதிலிருந்து முதல் வேலைகள் தாமாக வந்துவிடுகின்றன. வாய்க்குள் ரத்தமும் வாந்தியும் இருந்தால் உறிஞ்சி எடுத்து மூச்சுவழியைத் திறக்க வேண்டும். கழுத்தும் முறிந்திருக்கலாம் என்று வைத்துக்கொண்டு, தலையைப் பின்னுக்குச் சாய்க்காமல் தாடையை முன்னுக்குத் தள்ள வேண்டும். விரலில் ஆக்சிமீட்டர் மாட்டி, அளவு 94க்கு மேலேயே இருக்கும்படி ஆக்சிஜன் தர வேண்டும். ரத்தம் கொட்டும் காயத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும். தலைத்தோல் காயம் ஒன்றே ஒரு குழந்தையை அதிர்ச்சி நிலைக்குக் கொண்டுபோய்விடும். சிரையில் ஊசி ஏற்றி நார்மல் சலைன் தர வேண்டும். ரத்தச் சர்க்கரையைக் குத்திப் பார்க்க வேண்டும். படுக்கையின் தலைப்பக்கத்தை 30 பாகை உயர்த்த வேண்டும். இவற்றில் எதற்கும் நிபுணர் வேண்டியதில்லை. ஆனால் ஒன்று விட்டுப்போனாலும் பின்னால் வரும் அறுவை சிகிச்சை அதை ஈடுகட்டாது.

சுயநினைவை அளப்பதில்தான் பணியாளர்களின் அறிவு அதிகம் தடுமாறுகிறது. 1974இல் கிளாஸ்கோவின் கிரகாம் டீஸ்டேல், பிரையன் ஜெனட் இருவரும் தந்த அளவுகோல் இன்று உலகெங்கும் புழங்குகிறது. கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6. மொத்தம் 15, மிகக் குறைந்தது 3. 13 முதல் 15 வரை லேசானது, 9 முதல் 12 வரை நடுத்தரம், 8ம் அதற்குக் கீழும் கடுமையானது. இந்த எண்களைக் கேட்டால் பெரும்பாலான செவிலியர்கள் தேர்வுக்குப் படித்ததுபோல் ஒப்பிப்பார்கள். நோயாளியின் பக்கத்தில் நின்று அளக்கும்போதுதான் சிக்கல். அசைவுப் பகுதியில் பிழை அதிகம் வருகிறது. கையில் விரலைக் கொடுத்து “பிடி” என்று சொல்லி, பிடித்தவுடன் 6 என்று எழுதுவது தவறு. நினைவற்றவரின் உள்ளங்கையிலும் எதையாவது வைத்தால் தானாக மூடிக்கொள்ளலாம். பிடிக்கச் சொல்லி, பிறகு விடச் சொல்ல வேண்டும்; அல்லது நாக்கை நீட்டச் சொல்ல வேண்டும். கட்டளைக்கு இணங்காவிட்டால், தோளுக்கும் கழுத்துக்கும் நடுவிலுள்ள தசையைக் கிள்ள வேண்டும், அல்லது புருவ எலும்பின் உள்மேட்டில் அழுத்த வேண்டும். நோயாளி கையைத் தூக்கி, கிள்ளும் கையைத் தேடி வந்து விலக்கினால் 5. பாதத்தில் குத்திப் பார்த்து கால் இழுபட்டதும் மதிப்பெண் போடுவதில் பயனில்லை. அது தண்டுவடத்தின் தன்னிச்சைச் செயலாகவும் இருக்கலாம். இடது கை ஒரு விதமாகவும் வலது கை ஒரு விதமாகவும் அசைந்தால், நன்றாக அசையும் பக்கத்துக்கே மதிப்பெண். வீக்கத்தால் கண் மூடியிருந்தால் 1 என்று எழுதக் கூடாது. சோதிக்க முடியவில்லை என்று குறிக்க வேண்டும்.

ஹேவ்லாக்கில் பேச்சு மதிப்பெண்ணுக்கு இன்னொரு தொல்லை உண்டு. அந்தத் தீவில் வங்காளம், இந்தி, தமிழ், தெலுங்கு பேசுவோர் இருக்கிறார்கள். பயணிகள் எந்த மொழிக்காரராகவும் இருக்கலாம். மதுரையிலிருந்து வந்த ஒருவரிடம் இந்தியில் “இது எந்த இடம்?” என்று கேட்டு, அவர் விழிப்பதைப் பார்த்து “குழப்பம், 4” என்று எழுதினால் அது அவருடைய மூளையின் நிலையைக் காட்டாது, கேட்டவரின் மொழியைக் காட்டும். இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது. உளறுகிறவரை மொழி தெரியாதவர் என்று நினைத்து விட்டுவிடலாம். கூட வந்தவரையோ, பக்கத்து விடுதியில் அந்த மொழி தெரிந்தவரையோ கூப்பிட்டுப் பெயர், இடம், மாதம் கேட்க வைப்பது மருத்துவப் பரிசோதனையின் பகுதியே. அந்த மூன்று கேள்விகளையும் ஐந்தாறு மொழிகளில் அவரவர் எழுத்தில் எழுதி அறையில் ஒட்டி வைக்கச் செலவு ஏதுமில்லை.

அளவுகோலின் உயிர் ஒரு தடவை எடுக்கும் எண்ணில் இல்லை, மறுபடி மறுபடி எடுப்பதில் இருக்கிறது. பாக்கு மரத்திலிருந்து விழுந்த ஒரு வாலிபரின் கேஸ் ஷீட் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்: மாலை 6 மணிக்கு கண் 4, பேச்சு 5, அசைவு 6, ஆறரைக்கு அதுவே, ஏழுக்குப் பேச்சு 4, ஏழரைக்குக் கண் 3, பேச்சு 4, அசைவு 6. பார்வைக்கு அவர் தூங்குவதுபோலத்தான் இருக்கிறார். களைப்பு, தூங்கட்டும் என்று வீட்டார் சொல்வார்கள். ஆனால் ஒன்றரை மணி நேரத்தில் 15லிருந்து 13க்கு இறங்கியிருக்கிறார். மண்டை ஓட்டுக்கும் மூளை மேலுறைக்கும் நடுவே தமனியிலிருந்து ரத்தம் கட்டும்போது சில சமயம் இப்படித்தான் நடக்கும்: அடிபட்டு மயங்கி, தெளிந்து, பேசி, பிறகு சரிவது. இரண்டு புள்ளி இறங்கினாலே உடனே அனுப்ப வேண்டும். மொத்த எண்ணை மட்டும் எழுதிய ஷீட்டில் எது இறங்கியது என்று அடுத்து வருபவருக்குத் தெரியாது. மூன்றையும் தனித்தனியே எழுதுவது அதற்காகத்தான். கூடவே டார்ச் அடித்துக் கண் பாவைகளைப் பார்க்க வேண்டும். ஒன்று விரிந்து, வெளிச்சத்துக்குச் சுருங்காமல் நின்றால் மூளை இடம்பெயர்ந்து நரம்பை நெருக்குகிறது என்று பொருள். ரத்த அழுத்தம் ஏறி, நாடி மெதுவாகி, மூச்சு தாறுமாறானால் அது கடைசிக் கட்ட எச்சரிக்கை. அந்த நேரத்தில் ஏறிய ரத்த அழுத்தத்தை இறக்க மாத்திரை கொடுப்பது கொலைக்குச் சமம். நெருக்கப்பட்ட மூளைக்கு ரத்தம் அனுப்பத்தான் உடல் அதை ஏற்றியிருக்கிறது.

தெரியாமல் விடுவதைவிடத் தவறாகத் தெரிந்து செய்வது அதிகக் கேடு. டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு ஊசி மூளை வீக்கத்தை வடிக்கும் என்ற நம்பிக்கை இந்தியாவின் சிறு மருத்துவமனைகளில் வெகுகாலம் வேரூன்றியிருந்தது. 2004இல் வெளியான க்ராஷ் ஆய்வு 10,008 நோயாளிகளைக் கொண்டு அதைச் சோதித்தது. ஸ்டீராய்டு பெற்றவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் 21.1 சதவீதம், பெறாதவர்களில் 17.9 சதவீதம். தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு தரக் கூடாது என்பது அத்துடன் முடிந்துபோன விவாதம். சர்க்கரை தாழாதவருக்குக் குளுக்கோஸ் டிரிப் ஏற்றுவதும் தவறு; அது மூளை வீக்கத்தைக் கூட்டும். மண்டை அடிப்பகுதி முறிந்த அறிகுறி இருக்கும்போது மூக்கு வழியாகக் குழாய் செலுத்துவது தவறு. இரு கண்ணைச் சுற்றியும் கருநீலம், காதுக்குப் பின்னால் கன்றல், மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் ஒழுகல் ஆகியவை அந்த அறிகுறிகள். முரண்டு பிடிக்கிறார் என்று தூக்க ஊசி போட்டு அடக்குவது, ஆக்சிஜன் குறைவையோ உள்ளே கட்டும் ரத்தத்தையோ மூடி மறைக்கும். சாராய வாடை அடித்ததும் போதை என்று முடிவுகட்டி ஓரமாகப் படுக்க வைப்பதுதான் எல்லாவற்றிலும் கொடிய பிழை. குடித்தவரும் தலையில் அடிபடுவார். சொல்லப்போனால் குடித்தவரே அதிகம் அடிபடுவார். அவரையும் மற்றவரைப் போலவே அரை மணிக்கு ஒருமுறை அளக்க வேண்டும்.

டிரானெக்சாமிக் அமிலம் தீவுக்கு மிகவும் பொருத்தமான மருந்து. ரத்தம் உறைந்த கட்டி கரையாமல் காக்கும் இது மலிவானது. பிரசவ ரத்தப்போக்குக்காகப் பல சுகாதார நிலையங்களில் ஏற்கெனவே இருப்பது. 2019இல் வெளியான க்ராஷ்-3 ஆய்வு 12,737 தலைக்காய நோயாளிகளைச் சேர்த்தது. அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தபோது, லேசான, நடுத்தரக் காயம்பட்டவர்களில் சாவு குறைந்தது. மிகக் கடுமையான காயத்தில் பலன் தெளிவாகத் தெரியவில்லை. 1 கிராம் பத்து நிமிடத்தில், அடுத்த 1 கிராம் எட்டு மணி நேரத்தில் என்பது அளவு. மூன்று மணி நேரம் என்ற எல்லையைப் படகுப் பயணத்தோடு வைத்துப் பார்த்தால், போர்ட் பிளேர் போய்ச் சேர்ந்த பிறகு இதைத் தொடங்குவது பலருக்குக் காலம் கடந்ததாகிவிடும். மருத்துவர் முடிவெடுத்து, தீவிலேயே முதல் அளவு போக வேண்டும்.

அனுப்புவதிலும் அறிவு வேண்டும். கணக்கு ஒன்றைப் பார்த்தாலே விளங்கும். இந்தியாவில் புழங்கும் பி வகை ஆக்சிஜன் சிலிண்டரில் ஏறக்குறைய 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் அது 150 நிமிடம் வரும். அரசுப் படகின் பயண நேரமும் இரண்டரை மணிதான். துறையில் காத்திருப்பதற்கும், அந்தப் பக்கம் இறக்கி ஆம்புலன்ஸில் ஏற்றுவதற்கும் சிறிதும் மிஞ்சாது. ஆகவே இரண்டு சிலிண்டர், இரண்டும் புறப்படும் முன் அழுத்தம் பார்க்கப்பட்டவை. கடல் அலைக்கும்போது நோயாளி வாந்தி எடுப்பார். முதுகுப் பலகையோடு முழு உடலையும் ஒருசேரப் பக்கவாட்டில் திருப்ப ஆட்கள் வேண்டும். கையால் இயக்கும் உறிஞ்சு கருவி வேண்டும். 8க்கோ அதற்குக் கீழோ போனவருக்கு மூச்சுக்குழாய் போடுவதானால் படகு ஏறும் முன்பே போட வேண்டும். மூச்சுப் பையை அமுக்குபவர் பதற்றத்தில் வேகமாக அமுக்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். பெரியவருக்கு நிமிடத்துக்குப் பத்துத் தடவை அளவாக அமுக்க வேண்டும். அடிபட்ட நேரம், மதிப்பெண்களின் வரிசை, கண் பாவை, கொடுத்த மருந்து, கொடுத்த நேரம் ஆகியவை எழுதிய தாள் நோயாளியோடு போக வேண்டும். புறப்படும் முன் அங்குள்ள மருத்துவரிடம் தொலைபேசியில் சொல்லியிருக்க வேண்டும்.

சிறிய மருத்துவமனையின் அறியாமை என்ன விலை கேட்கும் என்பதற்கு உலக மருத்துவ வரலாற்றில் ஒரு சான்று உண்டு. 1976 பிப்ரவரியில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு அறுவை மருத்துவர் தாமே ஓட்டிய சிறு விமானம் அமெரிக்காவின் நெப்ராஸ்கா வயல்வெளியில் விழுந்தது. மனைவி அங்கேயே இறந்தார்; பிள்ளைகள் நால்வரில் மூவருக்குப் பலத்த காயம். இருட்டில், குளிரில், வழியில் போன காரை நிறுத்தி அவர்களைப் பக்கத்துச் சிற்றூர் மருத்துவமனைக்குக் கொண்டுசேர்த்தார். அங்கே கிடைத்த சிகிச்சை, வயலில் வெறுங்கையோடு தாம் செய்ததைவிடக் குறைவாக இருந்ததை அவர் கண்டார். குற்றம் ஆட்களிடம் இல்லை, அவர்களுக்குக் கற்றுத்தராத அமைப்பிடம் இருக்கிறது என்று அவர் எடுத்துக்கொண்டதுதான் பெரிது. சக மருத்துவர்களுடன் சேர்ந்து சிற்றூர் மருத்துவர்களுக்காக அவர் உருவாக்கிய பயிற்சி 1978இல் தொடங்கியது. விபத்துக் காயத்தில் எதை முதலில், எதை அடுத்துப் பார்க்க வேண்டும் என்று இன்று உலகெங்கும் கற்பிக்கப்படும் ஒழுங்குமுறை அதிலிருந்து பிறந்ததே. உலக சுகாதார நிறுவனமும் செஞ்சிலுவைச் சங்கமும் 2018இல் கொண்டுவந்த அடிப்படை அவசர சிகிச்சைப் பாடம் அதே ஒழுங்கை, கருவி குறைந்த இடங்களில் வேலை செய்யும் செவிலியருக்கும் எட்டும்படி எளிமையாக்கியிருக்கிறது. ஹேவ்லாக்குக்குப் பொருந்துவது இதுவே.

தீவிலிருந்து சென்னைக்கு வரும் நோயாளியை ஏற்கும் தமிழ்நாடு, தலைக்காய சிகிச்சையில் வெகுதூரம் வந்திருக்கிறது. இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை 1949இல் வேலூரில் ஜேக்கப் சாண்டி தொடங்கினார். அடுத்த ஆண்டு சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி பணியைத் தொடங்கினார். அது நிபுணர்களின் காலம். 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம், எந்த மாநிலத்தவராயினும் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சைச் செலவை அரசு ஏற்கும்படி செய்தது. பணம் யார் கட்டுவது என்ற கேள்வி முதல் மணி நேரத்தைத் தின்றுவிடாமல் இருக்க இது உதவியது.

லேசான காயம் என்ற சொல் பணியாளரையும் நோயாளியையும் ஏமாற்றக்கூடியது. வருபவர்களில் பெரும்பாலோர் இந்த வகையினர். பெரும்பாலோர் நலமாக வீடு போவார்கள். யாருக்கு ஸ்கேன் தேவை என்று பிரித்தறியக் கனடாவில் 2001இல் வந்த விதிகள் பயன்படுகின்றன: இரண்டு மணி நேரமாகியும் 15ஐ எட்டாதவர், இரண்டு தடவையோ அதற்கு மேலோ வாந்தி எடுத்தவர், 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர், மண்டை முறிவு அறிகுறி உள்ளவர். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவரையும் வலிப்பு வந்தவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தீவில் இந்த வரம்பைத் தாராளமாகவே வைக்க வேண்டும். சென்னையில் சந்தேகத்துக்குரியவரை இரவு பார்த்துக்கொண்டு, மோசமானால் ஸ்கேனுக்கு அனுப்பலாம். ஹேவ்லாக்கில் பிற்பகல் மூன்று மணிக்கு எடுக்கும் முடிவே அன்றைய கடைசி முடிவு. வீட்டுக்கு அனுப்பப்படுபவரோடு ஒரு நாள் முழுதும் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். தலைவலி கூடுவது, வாந்தி தொடர்வது, எழுப்பினாலும் எழாத தூக்கம், உளறல், கை கால் தளர்வு, வலிப்பு ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் திரும்ப வர வேண்டும் என்பதை அவருக்குத் தெரிந்த மொழியில் எழுதித் தர வேண்டும். நலமடையும்வரை ஸ்கூபா முழுக்குக்கும் ஸ்கூட்டருக்கும் தடை.

ஆஷா பணியாளரின் அறிவும் இதில் சேர்ந்ததே. மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றுவது, வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது, இருவர் நடுவே ஸ்கூட்டரில் உட்காரவைத்துக் கொண்டுவருவது ஆகியவற்றைத் தடுக்கக்கூடியவர் அவர்தான். விபத்தில் உதவியவர் மீது, உதவும்போது காயம்பட்டவருக்கு நேர்ந்த கேட்டுக்காக வழக்குத் தொடர முடியாது என்று 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு சொல்வதை ஊருக்குச் சொல்ல வேண்டியவரும் அவரே. முதியவர் ஒருவர் என்றோ விழுந்து, வாரங்கள் கழித்து மந்தமாகி, ஒரு காலை இழுத்து நடந்தால், வயசாகிவிட்டது என்று குடும்பம் சொல்லும். மெல்லக் கட்டிய ரத்தம் அது என்று சந்தேகிக்கத் தெரிந்தவர் அவரைப் படகேற்றிவிடலாம். சிறிய அறுவை சிகிச்சையில் பலர் பழையபடி நடப்பார்கள். தலைக்காயத்துக்குப் பின் கோபமும் மறதியும் கூடியவரைத் திமிர் பிடித்தவர் என்று வீடு ஒதுக்கும்போது, அது காயத்தின் தொடர்ச்சி என்று எடுத்துச்சொல்வதும் அந்த வேலையில் அடங்கும்.

பயிற்சி ஒருமுறை நடத்திச் சான்றிதழ் கொடுத்தால் போதாது. தீவுகளில் பணியாளர்கள் அடிக்கடி மாற்றலாகிறார்கள். கற்றவர் போய்க் கல்லாதவர் வருவார். கற்றதும் சில மாதங்களில் கைவிட்டுப் போகும். தாளில் கேள்வி கேட்டு மதிப்பெண் போடுவது அறிவைச் சரியாக அளக்காது. இரண்டு செவிலியர் ஒரே நோயாளியைத் தனித்தனியே அளந்து எண்களை ஒப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். ஆண்டுக்கு இருமுறை, புதிதாக வந்தவர் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒருமுறை, படகுத்துறை வரை சிலிண்டரோடு நடந்து பார்க்கும் ஒத்திகையும் சேர்த்துப் பயிற்சி வைக்க வேண்டும். போர்ட் பிளேரில் ஸ்கேன் பார்த்த மருத்துவர், அனுப்பிய சுகாதார நிலையத்துக்கு முடிவைத் தெரிவிக்க வேண்டும். தாம் அனுப்பியவர் என்ன ஆனார் என்று தெரியாத செவிலியர் அடுத்த முறைக்கு எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

இவ்வளவு அறிவும் தேவைப்படாமலே போகச் செய்யும் பொருள் ஒன்று உண்டு. தலைக்கவசம் இருசக்கர வண்டி விபத்தில் தலைக்காயத்தை 69 சதவீதமும் சாவை 42 சதவீதமும் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்டிருக்கிறார்கள். வாடகை ஸ்கூட்டர் தருபவர்கள், ஓட்டுபவருக்கு ஒன்று, பின்னால் அமர்பவருக்கு ஒன்று என இரண்டு தலைக்கவசம் கையில் கொடுத்து, தாடைப் பட்டியைப் பூட்டியதைப் பார்த்த பிறகே சாவியைத் தர வேண்டும்.